மானிட்டரில் கோளாறு

பாட்டு பாதியில் இருக்கும்போதே ஜாஸ்லின் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

கிட்டாரை நிறுத்திய தாஹா அவளை முறைத்தான்.

மைதானம் முழுக்கக் கூட்டம். இசைப் போட்டியின் இந்தச் சுற்றில் தேறினால் அடுத்த மாதம் சென்னையில் பெரிய மேடை. பாலக்கரையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் மூன்று வருஷமாக வாசித்துப் பழகிய 'கொதிகலன்' குழு, இந்த ஒரு பாட்டுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தது.

"என்னாச்சும்மா?" முன்வரிசையிலிருந்து மைக்கில் கேட்டார் நடுவர் மைதிலி. சென்னையிலிருந்து வந்தவர்.

"சவுண்டு சரியில்ல மேடம். டிரம்ஸ் பக்கத்துல இருக்கிற மானிட்டர் வேலை செய்யல. நாங்க வாசிக்கிறது எங்க டிரம்மர் பிரிட்டோவுக்கே கேக்கல. அவன் எப்படித் தாளம் பிடிப்பான்?"

மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காக அவர்களைப் பார்த்தபடி வைக்கிற ஸ்பீக்கர்தான் மானிட்டர்.

சவுண்டு சர்வீஸ் நடத்தும் கியாசுதீன் ஓரத்திலிருந்து எழுந்து வந்தார். தலை பாதி நரைத்தவர்.

"ஓடிட்டுத்தாங்க இருக்கு. இப்பத்தான் பார்த்தேன்."

"ஓடல."

"உங்களுக்கு முன்னாடி வாசிச்சவங்க யாரும் குறை சொல்லலையே?" என்றார் மைதிலி.

"அவங்க பொறுத்துக்கிட்டாங்க. நாங்க பொறுத்துக்க மாட்டோம்."

கூட்டத்தில் விசில் பறந்தது. "இறங்கும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தாஹா கிட்டே வந்து பல்லைக் கடித்தான். "பேசாமப் பாடு ஜாஸ்லின். எல்லாத்தையும் கெடுத்துடாத."

"நீ சும்மா இரு."

மைதிலியின் குரல் இறுகியது. "இதோ பாரும்மா, பெரிய மேடைக்குத் திறமை மட்டும் போதாது. அடக்கமும் வேணும். வாசிக்க முடியலன்னா இறங்கிடுங்க. அடுத்த குழு காத்திருக்கு."

"இறங்க மாட்டோம் மேடம். முழுப் பாட்டையும் வாசிச்சுட்டுத்தான் இறங்குவோம். அதுக்கு மானிட்டரைச் சரி பண்ணிக் கொடுங்க. இல்லன்னா போலீஸைக் கூப்பிட்டு எங்களை இறக்குங்க."

"பெரிய ஆளாகுறதுக்கு முன்னாடியே இவ்வளவு திமிரு" என்றார் முன்வரிசையில் ஓர் அம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

ஜாஸ்லின் மைக்கை விடவில்லை. பிரிட்டோ குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான்.

கியாசுதீன் டிரம்ஸ் அருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மானிட்டர்மேல் கையை வைத்துப் பார்த்தார். பிரிட்டோவிடம் ஏதோ கேட்டார். பிறகு திரும்பி ஜாஸ்லினைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தபடி நின்றாள்.

அவர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"மேடம், பாப்பா சொல்றது சரிதான். வயரு லூசா இருந்திருக்கு. நான்தான் கவனிக்கல."

"என்ன சார் வேலை பாக்குறீங்க? பசங்களோட வாழ்க்கை உங்களுக்கு விளையாட்டா?" என்று மைதிலி மைக்கிலேயே சத்தம் போட்டார்.

கூட்டம் இப்போது கியாசுதீனைப் பார்த்துச் சிரித்தது. விழா நடத்துபவர் அவரை ஓரமாக இழுத்து, "அடுத்த வருஷம் உங்க செட்டே வேண்டாம்" என்றார்.

கியாசுதீன் திரும்பி வந்து, இடது பக்கம் இருந்த மானிட்டரைத் தூக்கி பிரிட்டோவின் வலது பக்கத்தில் வைத்தார். சத்தத்தைக் கூட்டினார்.

"இப்ப வாசிங்க."

வாசித்தார்கள்.

'வழி விடலன்னா மதிலேறி வருவோம்' என்று ஜாஸ்லின் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் பிரிட்டோ அடித்த அடியில் முன்வரிசை நாற்காலிகள் அதிர்ந்தன. ஓர் அடிகூடப் பிசகவில்லை. பாட்டு முடிந்தபோது, இறங்கச் சொன்னவர்களே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மைதிலி மட்டும் தட்டவில்லை. ஆனால் முடிவை அறிவிக்கும்போது 'கொதிகலன்' பெயரை அவர்தான் வாசித்தார்.

கீழே இறங்கியதும் தாஹா சொன்னான்: "சந்தோஷம்தான். ஆனா உன் திமிரால வாய்ப்பு முக்கால்வாசி போயிருச்சு. அந்த ஆளு ஒத்துக்காம இருந்திருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்."

"முடியலல்ல?"

பிரிட்டோ தயங்கித் தயங்கி வந்தான். "நடுவுல நான் தாளம் தப்பிட்டேன், சாரி."

"மானிட்டர் கோளாறுன்னா யாரா இருந்தாலும் தப்பும். நாளைக்குக் காலையில ஃப்ரீயா இரு. உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

இருவரையும் வண்டியில் சாமான் ஏற்றச் சொல்லிவிட்டு, ஜாஸ்லின் மட்டும் மேடைக்குப் பின்னால் போனாள். கியாசுதீன் தனியாக உட்கார்ந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க."

"எதுக்கும்மா?"

"அத்தனை பேர் முன்னாடி உங்க தொழிலைக் குறை சொல்லிட்டேன். மானிட்டர் நல்லாத்தான் ஓடுச்சு. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்."

ஜாஸ்லினின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "அப்புறம் ஏண்ணே உங்க தப்புன்னு சொன்னீங்க?"

கியாசுதீன் வயரை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தம்பிக்கு இடது காது கேக்கலன்னு ஊருக்கே தெரியறதுக்கு, என் வயரு லூசுன்னு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுதும்மா."