தோஹா – கட்டுநாயக்க

“ஏழரை மணித்தியாலமா? அவ்வளவு நேரமும் வானத்திலயா?” நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள் பஸீஹா.

“இல்ல உம்மா, அஞ்சு மணித்தியாலந்தான்.” மகள் ஹிமாயா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தோஹாவில ராவு ஒரு மணிக்கு ஏறினா, இங்க கட்டுநாயக்க ஏர்போட்டில காலம எட்டரைக்கு எறங்கலாம். அவங்கட மணிக்கூடு நம்மட மணிக்கூட்டுக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அதக் கழிச்சிட்டுப் பாருங்க.”

“மாவனல்லையிலேந்து கொழும்புக்குப் போகவே மூணு மணித்தியாலம். அப்ப தோஹா கிட்டத்தான்.”

“கேகாலையில பஸ் நிக்கிற நேரத்தயும் கழிக்கணும் உம்மா.”

பஸீஹாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. உள்ளறையில் கணவர் நுஹ்மான் வலது கையும் காலும் விழுந்து படுத்து மூன்று மாதமாகிறது. பொழுது சாயத் தொடங்கினால் ஒரே கேள்விதான் கேட்பார்.

“மகன் வந்தாரா?”

பஸீஹாவின் போன் அடித்தது. தோஹாவுக்கு வேலைக்குப் போன மகன் ஷிராஸ்.

“லீவு தாறாங்க இல்ல உம்மா. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்த்து.”

“அஞ்சு மணித்தியாலந்தானாம், தங்கச்சி பாத்துச் சென்னா. வாப்பாட மொகத்தப் பாத்திட்டு அடுத்த பிளேன்லயே திரும்பிப் போங்க.”

“பிளேன் என்ன பஸ்ஸா உம்மா, நெனச்ச நேரம் கைகாட்டி ஏற?”

“அப்ப வீடியோவிலயாவது வாங்க. வாப்பா பாக்கட்டும்.”

“நெட் சரியில்ல உம்மா.” இரண்டு மாதமாக இதே பதில்தான்.

“அங்க ஆள் கொறைக்கிறாங்களாமே, கடையில பேசிக்கிட்டாங்க. ஒங்களுக்கு ஒண்டுமில்லயே?”

“எனக்கு ஒண்டுமில்ல.” பதில் சட்டென்று வந்தது. ஊரே வாசலில் நின்று ஸலாம் சொல்லி வழியனுப்பிய பிள்ளை. அதற்கு மேல் குடைய அவளுக்கு மனம் வரவில்லை.

பொழுது விழுந்து, நோன்பு திறக்கும் மஹ்ரிப் பாங்கு பள்ளியில் ஒலித்தது. ஹிமாயா கஞ்சிக் கோப்பையோடு வாப்பாவின் அறைக்குள் போனாள். பஸீஹா போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள்.

“கொஞ்சம் பொறுங்க உம்மா.”

மறுமுனையில் பிஸ்மி சொல்லும் குரல் மெல்லக் கேட்டது. பிறகு மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் ஓசை.

“அல்ஹம்துலில்லாஹ்! நோன்பு தொறந்த பொறகுதான் உசிரே வந்திச்சு. இன்டைக்கி மிச்சம் களைப்பு உம்மா.”

“எங்களுக்கும் அப்படித்தான் மகன்...” என்று தொடங்கியவள், கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மகள் சொன்ன இரண்டரை மணித்தியாலத்தை ஒருமுறை கழித்துப் பார்த்தாள். தன் கணக்கில் நம்பிக்கையில்லாமல், விரல் மடக்கி இன்னொரு முறையும் கழித்தாள். தோஹாவில் இப்போது வெயில்கூடத் தாழ்ந்திருக்காது.

“உம்மா? லைன்ல ஈக்கிறீங்களா?”

உள்ளறையிலிருந்து நுஹ்மானின் குழறிய குரல் வந்தது. “மகன் வந்தாரா?”

பஸீஹா போனைக் கையில் எடுத்து, வாயருகே வைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

“பிளேன் வாணாம் மகன். பஸ்ஸுல ஏறி வாங்க.”