மாப்பிள்ளை எப்பிடியாம்?

“மாப்பிள்ளை குடியோ எண்டு வடிவா விசாரிச்சு எழுது. உன்ர பதிலைப் பாத்துத்தான் நாங்கள் ஓம் சொல்லுவம்” என்று நீக்கிலாசுக்கு அம்மா எழுதியிருந்தா.

யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் கடிதம் டென்மார்க் வந்துசேர ஒரு மாதம். சண்டை நடந்த எண்பத்தாறாம் ஆண்டில் வந்துசேர்ந்ததே பெரிய காரியம்.

தங்கச்சி யசிந்தாவுக்கு முப்பது நடக்கிறது. பேசிய மூன்று சம்மந்தமும் குழம்பிப்போச்சு. நாலாவதுதான் இந்தப் பேனாட். இங்கே ஹேர்னிங் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டேசனடித் தவறணையில் கிளாசும் கையுமாய் இருக்கிறானாம் என்று ஒரு கதை நீக்கிலாசின் காதுக்கு வந்தது.

விடுவாரா நீக்கிலாஸ்? பக்கத்து ஊர் இக்காஸ்டில் தன் நெசவாலை வேலை முடிந்த கையோடு ஹேர்னிங்குக்கு ரெயின் ஏறிவிட்டார். ஆளைக் கையும் மெய்யுமாய்ப் பிடிக்கவேணும்!

தவறணை என்றால் ஊர்த் தவறணை மாதிரியில்லை. குடும்பமாய் வந்திருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். நீக்கிலாஸ் ஒரு மூலையில் குந்தி, கிடந்த டெனிஷ் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்தார். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

முதலாளியம்மா வந்து என்ன வேண்டுமென்று கேட்டாள். பியர் கேட்கிற அளவுக்கு அவருக்கு டெனிஷ் வரும். சாப்பாட்டுக்குப் பக்கத்து மேசையைக் கைகாட்டினார். பொரித்த பன்றியிறைச்சியும் அவித்த கிழங்கும் வந்தன. வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதென்பது கடைசிக் கவளத்தில்தான் ஞாபகம் வந்தது. மாதாவே!

அந்தா, பேனாட்! சம்மந்தக்காரர் அனுப்பிய படத்தில் பார்த்த அதே ஆள். நாலு டெனிஷ் கிழவர்களோடு இருக்கிறான். முன்னால் மஞ்சளாய் ஒரு கிளாஸ். தோல் குவளைக்குள் தாயக்கட்டையைக் குலுக்கி மேசையில் கவிழ்க்கிறான். அந்த வழியால் போன முதலாளியம்மா அவன் தோளில் வேறு தட்டிவிட்டுப் போகிறாள்.

குடி, சூது, போதாததுக்குப் பொம்பிளை! நீக்கிலாசுக்குக் கொதி ஏறியது. ‘அம்மா, இந்தக் கலியாணப் பேச்சுக்காலை விடுங்கோ’ என்று மனதுக்குள்ளேயே கடிதத்தைத் தொடங்கிவிட்டார்.

முதல் பியர் சும்மா சாட்டுக்கு. இரண்டாவது, இறைச்சியில் உப்புக் கூட என்பதால். மூன்றாவதுக்குக் காரணம் தேட நேரம் கிடைக்கவில்லை. பேனாட் கிளாசோடு வந்து முன்னால் நின்றான்.

“நீக்கிலாஸ் அண்ணைதானே? இருக்கலாமோ?”

நீக்கிலாசுக்குத் திக்கென்றது. “என்னை எப்பிடித் தெரியும்?”

“ஹேர்னிங்கில எங்கட ஆக்கள் பன்ரண்டு பேர். எல்லாரையும் தெரியும். பதின்மூண்டாவது ஆள் பேப்பருக்குப் பின்னால எட்டியெட்டிப் பாத்தா வேற ஆராய் இருக்கும்? அதோட, யசிந்தாவின்ர படத்தில பாத்த அதே மூக்கு.”

பிடிக்க வந்தவர் பிடிபட்டதில் கோபம் இரட்டித்தது. “நேராக் கேக்கிறன் தம்பி. இதென்ன குடி? சூது வேறை!”

பேனாட் தன் கிளாசை அவர் பக்கம் தள்ளினான். “குடிச்சுப் பாருங்கோ.”

அப்பிள் ஜூஸ்.

“சூதுமில்லை அண்ணை. தோக்கிற ஆள் டெனிஷில ஒரு கதை சொல்லவேணும். அந்த மேசை அப்புமார் பிழை திருத்துவினம். நான்தான் எப்பவும் தோக்கிறது. வகுப்பில ஏறாதது இங்க ஏறுது. யசிந்தா வந்து இறங்கினா, டொக்டரிட்டப் போக, அரசாங்கக் கந்தோருக்குப் போக, ஒரு ஆளாவது வாய் திறக்க வேணுமே!”

“அப்ப தோளில தட்டினவ?”

“பிழையில்லாமல் கதை சொன்னாத் தட்டுவா. இண்டைக்குத்தான் முதல் தட்டு.”

நீக்கிலாசுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. “குறை நினையாதையும் தம்பி. அம்மா விசாரிச்சு எழுதச் சொன்னவ. தங்கச்சியின்ர வாழ்க்கை பாரும்.”

“அதிலை என்ன குறை? எங்கட அம்மாவும்தான் எழுதினவ. ‘பொம்பிளையின்ர தமையன் எப்பிடியாம்? குடிகாரக் குடும்பமெண்டால் எங்களுக்கு வேண்டாம்’ எண்டு.”

நீக்கிலாஸ் வெறும் கிளாசுகளை மெல்லப் பேப்பரால் மூடினார்.

“நீர்... பதில் போட்டிட்டீரோ?”

“போன மாதமே போட்டிட்டன். ‘தமையன் ஒரு துளி தொடாத மனுசன், தாராளமாச் செய்யலாம்’ எண்டு.”

போன உயிர் திரும்பி வந்தது நீக்கிலாசுக்கு. “அப்ப, விசாரிக்காமலே எழுதினீரோ?”

“சீச்சீ, கலியாண விசயம், விசாரிக்காமல் எழுதலாமோ? இக்காஸ்டில மூண்டு பேரைக் கேட்டனான். மூண்டு பேரும் உள்ளதைத்தான் சொன்னவை அண்ணை. நான்தான் மாத்தி எழுதினனான்.”