வெறும் சூடு

“அந்த டம்ளரைத் தொடாதே!”

அக்கா போட்ட சத்தத்தில் தம்பியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. தம்பி கட்டிக்கொள்ளப்போகும் கண்ணாடி தண்ணீர் குடித்து வைத்த டம்ளர் அது. அக்கா அதைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், சோப்புப் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி மூன்று தடவை கழுவினாள். கூடத்தில் இருப்பவள் பார்க்கட்டும் என்றே அத்தனை ஆர்ப்பாட்டம்.

கண்ணாடி என்பது அவன் வைத்த செல்லப் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸ் மாற்றப் போனவன் மனசையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தான். அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று தேதிகூடக் குறித்தாயிற்று. இப்போது அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“ஹெர்பிஸ்னு டாக்டர் சொன்னாங்க அண்ணி, ஒட்டிக்கிற கொப்புள நோயாம். மறைக்கக் கூடாது, நேர்ல சொல்லிடணும்னுதான் வந்தேன். மாத்திரை இருக்கு. இதை வச்சுக்கிட்டே கல்யாணம் பண்ணி, குழந்தை பெத்து, எத்தனையோ பேர் நல்லா இருக்காங்களாம்.”

“அண்ணியா? அந்த வார்த்தையை இத்தோட விட்டுரு,” என்றாள் அக்கா. “பதினெட்டு வருஷமா மருந்துக்கடையில நிக்கிறவ நான். எது எங்கேர்ந்து வரும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.”

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்கு, ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்’ என்று வெளியே நின்று தைரியம் சொல்லுகிற வாய். இன்றைக்குப் பார்த்து அது பூட்டிக்கொண்டது.

நேற்று அவள் போனில் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவனுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. தூக்கம் கெட்டால் அவனுக்கு உதட்டோரம் குறுகுறுக்கும். “உதட்டை நக்காதே, சூடு ஏறியிருக்கு,” என்று காலையிலேயே அக்கா அதட்டியாயிற்று. தாயில்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அல்லவா, அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“நீங்களாவது நம்புங்க.” கண்ணாடி அவனைப் பார்த்தாள். “உங்களுக்கு முன்னாடி என் வாழ்க்கையில யாருமே இல்ல. இது எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல. நீங்களும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்தா...”

“என் தம்பி எதுக்குடி டாக்டரைப் பார்க்கணும்?” அக்கா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். “அவன் சொக்கத் தங்கம். எங்கெங்கேயோ சுத்திட்டு வந்து பழியை இவன் தலையில கட்டலாம்னு பார்க்கிறியா?”

கண்ணாடிக்கு முகம் செத்துப்போயிற்று. “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்று அவனிடம் கெஞ்சினாள். “நீங்க போன்னு சொன்னா போயிடுறேன்.”

அவள் இல்லாத ஒரு நாளை அவனால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. ஆனால், தனக்கு முன்னால் யாரோ ஒருத்தன் இருந்திருக்கிறான் என்று நேற்று அக்கா ஓதியது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அவனை அரித்துத் தின்றது. கடைசியில் வாயைத் திறந்தான். பாவி, திறக்காமலே இருந்திருக்கலாம்!

“எவன்கிட்ட வாங்கினியோ, அவன்கிட்டயே போ.”

அவள் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். மேஜைமேல் வைத்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஆறாவது மாடி. லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு நடைக்கூடத்தில் காத்திருந்தாள்.

“விட்டது பீடை,” என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே குரல் குழைந்தது. “இப்படி வந்து உட்காரு. உதட்டைக் காட்டு.”

சின்ன வயதிலிருந்தே அவள்தான் போட்டுவிடுவாள். சூட்டுக் களிம்பு என்று பெயர் ஒட்டாத ஒரு சின்ன டப்பாவில் வைத்திருப்பாள். விரல் நுனியில் எடுத்துத் தடவினால் நாலைந்து நாளில் கொப்புளம் காய்ந்துவிடும். இன்றைக்குப் பார்த்து டப்பா காலி. அவசரத்தில் அக்கா கைப்பையிலிருந்து புது டியூபையே எடுத்துத் திருகினாள்.

டியூபில் அச்சடித்திருந்த பெயரை அவன் சும்மாதான் படித்தான். பிறகு மேஜைமேல் கிடந்த சீட்டைப் பார்த்தான். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரும் அதுவேதான். எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, எனக்கு வர்றது வெறும் சூடுதானே?”

அக்கா களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப அவளுக்கு... என் உதட்டுலேர்ந்தா போச்சு?”

துள்ளி எழுந்தான். வாசல் பத்தடி தூரம். ஓடிப்போய் அவள் காலில் விழுந்தாவது திருப்பிக் கூட்டி வந்துவிடலாம். அதற்குள் அக்காவின் கை அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

“உன்கிட்டேர்ந்துதான். எனக்கு நேத்தே தெரியும். கதவைச் சாத்துடா, அவ காதுல விழுந்துடப் போகுது.”