கண்ணில் அடித்த வெயில்

"விடு எஸ்ரா, வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார் கேப்டன் சைலஸ்.

வானம் மேகம் மூடிக் கிடந்தது. நான் நழுவவிட்ட கேட்ச்சால்தான் எங்கள் மீன்கொத்தி பேஸ்பால் கிளப் அந்த ஆண்டில் முதல்முறையாகத் தோற்றது. வழக்கப்படி ஆட்டப் பந்தை ஜெயித்தவர்களிடம் கொடுத்து, விருந்தும் போட்டோம். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதுதான் உறுத்தியது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை ஆற்றில் தள்ளியிருப்பேன்.

உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பி, கணப்பருகே பேச்சற்றுக் கிடந்த காலத்தில் என்னைச் சேர்த்துக்கொண்ட கிளப் அது. என் மாமனாரின் மேய்ச்சல் நிலத்தில் ஆடியே நியூ ஜெர்சியைக் கலக்கியது. சனிக்கிழமை விடிந்ததுமே என் மனைவி மெர்சி ஆட்டச் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டுவாள். கூலிக்கு ஆடுபவன் எவனும் எங்களிடம் இல்லை என்பதுதான் எங்கள் கௌரவம்.

அதில்தான் எனக்குச் சந்தேகம். பந்து வீசும் டூகன் வெளியூர்க்காரன். வந்த வேகத்தில் சைலஸின் தொப்பிக் கடையில் வேலை. எந்தத் தலைக்கு எந்தத் தொப்பி என்றே தெரியாத விற்பனையாளன். நான் அருகில் போனால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அடுத்த கிளப் கூட்டத்தில் எழுந்தேன். நம்மில் ஒருவன் கூலிக்கு ஆடுகிறான், அவன் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றேன்.

"நீ மட்டும் போயிடாதப்பா" என்றார் சைலஸ். டூகனைப் பற்றி மூச்சில்லை. அங்கேயே விலகினேன்.

அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் மாமனாரின் மாடுகள் மேய்ந்தன. வேலிக் கதவில் பூட்டு. மனிதர் எனக்காக ரோஷப்படுகிறார் என்று நெகிழ்ந்தேன். ஆட இடமில்லாமல் பனிக்காலத்துக்குள் கிளப் கலைந்தது.

தொப்பிக் கடையில் சைலஸை மடக்கினேன். "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. டூகனுக்கு என்ன குடுத்தீங்க?"

"தொப்பி விக்கிற சம்பளம். அதுவே அதிகம்."

"அப்ப என்னைக் கண்டதும் ஏன் பேச்ச நிறுத்துனீங்க?"

"உன்ன எங்க நிறுத்தினா பந்து வராதுன்னு யோசிச்சிட்டிருப்போம்."

கையிலிருந்த தொப்பியைக் கீழே வைத்தார்.

"நம்ம கிளப்புல கூலிக்குச் சேத்துக்கிட்டது ஒருத்தனைத்தான், எஸ்ரா. வாயே தெறக்காம கெடந்த உன்னை ஆட்டத்துல சேத்துக்கிட்டா நெலத்தச் சும்மா தரேன்னு, அவங்க அப்பாவச் சொல்ல வச்சது உன் மெர்சி."