சேலைத் தொட்டிலுக்கு அபராதம்

தவமணி ஈர்ப்பலை நிலையத்துக்குக் கட்ட வேண்டிய அபராதம் பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். கைப்பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதுதான் குற்றம்.

மலைக்கு அடியில் இருக்கும் அந்த நிலையம், வானத்தில் எங்கோ இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதால் வரும் மெல்லிய அசைவைப் பிடிக்கிறது. அந்த அசைவும் தொட்டில் ஆட்டமும் ஒரே வேகமாம்; அதனால் கருவி குழம்பிப்போகிறதாம்.

"எம்புள்ள என்னா யானைக்குட்டியா சார்? அவன் ஆடுறதெல்லாமா அந்த மெசினுக்குத் தெரியுது?" என்று கேட்டாள்.

"தெரியுதும்மா. ஒரு மாசம் ஆட்டாம இருந்தா தள்ளுபடி. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணணும்," என்றார் வசூலுக்கு வந்த ஜெபராஜ்.

"ஆட்டலேன்னா அழுவானே சார்."

"அழட்டும்மா. அழுகை அதுக்குக் கேக்காது."

களையெடுக்கிற கூலியில் அவ்வளவு பணம் கட்ட வழியில்லை. தவமணி தொட்டிலை அவிழ்த்துவிட்டாள். ஆட்டாமல் தூங்கியறியாத பிள்ளை தொண்டை கம்மும்வரை கத்தினான். மடியில் வைத்தால் தன் உடம்பு தானாக ஆடிவிடும் என்று பயந்து, அவனைத் தரையில் கிடத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாதம் முடிந்து ஜெபராஜ் வந்தார். பிள்ளை விட்டத்தைப் பார்த்தபடி முழித்துக் கிடந்தான்.

"பய சமத்தாயிட்டானே!"

"ஆமா சார். இப்பல்லாம் பசிச்சாக்கூட அழ மாட்டேங்கிறான்."

ஜெபராஜ் கைபேசியில் விரலை வைத்தார். அபராதம் முழுவதும் தள்ளுபடி ஆயிற்று.