தோளுக்கு ஏற்ற துவக்கு

“என்ட கண்ண நேராப் பாக்க ஏலாதா?” என்று கிளெய்டன் கேட்டான்.

டிலக்சினி துவக்கைத் தாழ்த்தினாள். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி, சனிக்கிழமை அம்பாறையில். அவளுடைய சுடுதல் சங்கம் கொடுத்த துவக்கு அவள் தோளுக்குப் பொருந்தவில்லை. தோளில் பதியும் மரக்கட்டையைச் சீவி ஆளுக்கு அளவாக்கித் தருவது கல்முனையில் கிளெய்டனின் வேலை.

“உள்ளுக்குத் தோட்டா இல்ல, பயப்படாதீங்க. என்ட கண்ணுக்குக் குறி வைங்க. உங்கட கண் குழலுக்கு நேரா வருதா எண்டு நான் பாக்கணும்.”

“இவள் ஆம்புளையள்ர முகமே பாக்க மாட்டாள் தம்பி,” என்று சிரித்தார் கூட வந்த சின்னம்மா சகாயம்மா.

டிலக்சினி மறுபடி உயர்த்தினாள். இம்முறை அவள் இமைக்கவேயில்லை. கிளெய்டன் கட்டையைச் சீவிச் சீவிக் கொடுக்க, அவள் அவன் கண்ணையே பார்த்தாள்.

“இப்ப அளவு சரி. போட்டி முடிஞ்சு வந்து சொல்லுங்க.”

“நான் வர மாட்டன். ஞாயிற்றுக்கிழம நீங்கதான் எங்கட வீட்ட பொம்புள பாக்க வாறீங்க. என்ட படத்த உங்கட அம்மா இன்னும் காட்டல்ல போல.”

கிளெய்டனின் கையிலிருந்த உளி அப்படியே நின்றது.

“அண்டைக்கு என்னத் தல நிமிர விட மாட்டாங்க. அதான் ஓம் சொல்ல முதல் வடிவாப் பாத்துட்டுப் போக வந்தன்.”

“அப்ப… ஓமா?”

டிலக்சினி துவக்கை உறையில் போட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.