முதல் மெயில் பில்

"தொடாதே மாலா! எமகண்டம் முடியட்டும்."

அன்று தை மாதத் திங்கட்கிழமை. கருவடிக்குப்பம் ஊதுவத்திக் கம்பெனியிலிருந்து இத்தனை வருஷம் தபாலில் போன பில், அன்றுதான் முதன்முதலாக மெயிலில் போகவிருந்தது. முதலாளி ஹரிகிருஷ்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"சரக்கு வாங்குற சாமிக்கண்ணு, நம்மளவிட அதிகமா நேரம் காலம் பாக்குறவரு. பிசகுனா ஆர்டரே போயிடும்."

மணி பன்னிரண்டு அடித்தது.

"இப்ப அனுப்பு!"

மாலா பட்டனைத் தட்டினாள். இரண்டே நிமிஷத்தில் போன் அலறியது. சாமிக்கண்ணுதான்.

"ஏன்யா, முதல் பில்லை இந்த நேரத்துலயா அனுப்புவ?"

"எமகண்டம் முடிஞ்சிதாங்க அனுப்பினேன்!"

"அது பாண்டியில முடிஞ்சிருக்கும். இங்க பிரான்சுல இப்ப காலையில மணி ஏழரை. ராகுகாலம் இப்பத்தான்யா ஆரம்பிக்குது!"